இளநரையும் ஆண்களின் மனமும்

இருபது வயதை ஒட்டித் தலை நரைக்கத் தொடங்கும் ஆண் அதை எப்படி எடுத்துக்கொள்கிறான்? வெட்கமா, அச்சமா, அலட்சியமா? நரையைப் பற்றிய பேச்சு இலக்கியத்திலும் மருத்துவத்திலும் மிகப் பழையது. ஆனால் அதில் பெரும்பகுதி முதியவரின் நரையைப் பற்றியது. இளையவனின் நரையை ஓரமாகத் தொட்டுவிட்டுக் கடந்துபோவது. இந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் அறநூலார், வைத்தியர், சமூகவியலார், உளவியலார் எனப் பலரும் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு பதிலும் ஒரு பக்கத்தைத் தெளிவாகக் காட்டி இன்னொரு பக்கத்தை மறைத்துவிடுகிறது.

எது இளநரை?

தோல் மருத்துவ நூல்கள் இதற்கு ஒரு வயதெல்லை வைத்திருக்கின்றன. ஐரோப்பிய வம்சாவளியினருக்கு 20, ஆசியருக்கு 25, ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு 30 வயதுக்கு முன்பு நரைத்தால் அது இளநரை. அந்தந்த மக்களிடையே நரை வழக்கமாக எப்போது தொடங்குகிறது என்பதைக் கொண்டு போட்ட கோடு இது. எத்தனை முடி வெளுத்தால் கணக்கில் சேர்ப்பது என்பதில் ஒற்றுமை இல்லை. ஐந்து முடி இருந்தாலே போதும் என்று வைத்துக்கொண்ட ஆய்வுகள் இந்தியாவில் உண்டு. ஐந்து முடி நரைத்தவனும் பாதித் தலை நரைத்தவனும் இப்படி ஒரே பட்டியலில் சேரும்போது, அவர்கள் மனநிலையின் சராசரிக்கு அதிகப் பொருள் இருக்காது.

ஐம்பது வயதில் மக்களில் பாதிப்பேருக்குப் பாதித் தலை நரைத்திருக்கும் என்பது தோல் மருத்துவர்களிடையே நெடுங்காலம் புழங்கிய ஒரு கணக்கு. பல நாடுகளைச் சேர்ந்த 4,000க்கும் மேற்பட்டோரைப் பார்த்து 2012இல் வெளிவந்த ஆய்வு அதைத் திருத்தியது. அந்த அளவுக்கு நரைத்திருந்தவர்கள், இனத்தையும் முடியின் இயல்பான நிறத்தையும் பொறுத்து, 6 முதல் 23 விழுக்காடுதான். வல்லுநர்களே இவ்வளவு மிகையாக மதிப்பிட்டிருந்தார்கள் என்றால், சாயம் பூசிய தலைகளுக்கு நடுவே வாழும் சாதாரண மனிதருக்கு எது இயல்பு என்று தெரிய வழியே இல்லை. நரைத்த சக வயதினர் பலர் சாயத்துக்குள் மறைந்திருக்க, சாயம் பூசாத இளைஞன் தான் மட்டுமே இப்படி என்று எண்ணிக்கொள்வது எளிது. கருமுடியில் ஒரு வெள்ளை முடியும் பளிச்சென்று தெரியும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பொன்னிற முடிக்காரருக்குச் சில ஆண்டுகள் கிடைக்கும் சலுகை தெற்காசியருக்குக் கிடைப்பதில்லை.

பழைய நூல்களில் நரை

பழைய இலக்கியம் நரையைப் பெரும்பாலும் ஓர் அறிவிப்பாகவே பார்த்தது. பௌத்த மரபின் மகாதேவ ஜாதகத்தில் அரசன் தன் நாவிதனிடம், முதல் நரை தென்பட்டதும் சொல்லும்படி கேட்டுவைத்திருக்கிறான். சொன்னதும் நாட்டை மகனுக்குக் கொடுத்துவிட்டுத் துறவு போகிறான். கம்பனின் தசரதனுக்குக் காதோரம் வெளுத்த ஒரு முடி அதே செய்தியைக் கொண்டுவருகிறது. காளிதாசனின் ரகுவம்சத்திலும் மூப்பு, நரையின் வடிவில் காதருகே வந்து பேசுகிறது. நாலடியாரின் இளமை நிலையாமைப் பாடல்களும் இந்த வரிசையில் நிற்பவைதான். நரை வரவேண்டிய காலத்தில் வந்து, செய்யவேண்டியதைச் சொல்கிறது. காலம் தவறி வந்தால் என்ன செய்தி என்பதற்கு இந்த மரபில் பதில் இல்லை. இருபத்திரண்டு வயதுக்காரனுக்குத் துறக்க நாடும் இல்லை, முடிசூட்ட மகனும் இல்லை.

புறநானூற்றின் 191ஆம் பாட்டு வேறு கோணத்திலிருந்து வருகிறது. ஆண்டுகள் பல ஆகியும் நரை ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பிசிராந்தையார் காரணங்களை அடுக்குகிறார்: பண்புள்ள மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், சொல்லாமலே குறிப்பறியும் ஏவலர், முறை தவறாத அரசன், சான்றோர் பலர் வாழும் ஊர். கவலையின்மைதான் கருமையைக் காத்தது என்பது இதன் உட்பொருள். இதைத் திருப்பிப் படித்தால், இளமையில் நரைத்தவன் வீடோ நாடோ சரியில்லாதவன் என்றாகிவிடும். பாட்டு அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் நரையைக் கவலையின் கணக்காகப் பார்க்கும் பழக்கத்துக்குத் தமிழில் இவ்வளவு நீண்ட வரலாறு இருக்கிறது.

இளைஞன் ஒருவன் நரையை என்னவாக நினைத்தான் என்பதற்கு நெருக்கமான சான்று மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் இருக்கிறது. சுக்கிராச்சாரியாரின் சாபத்தால் காலத்துக்கு முன்பே மூப்படைந்த யயாதி, அந்த மூப்பை வாங்கிக்கொள்ளும்படி மகன்களைக் கேட்கிறான். மறுக்கும் மகன் யது காரணங்களைச் சொல்லும்போது வெளுத்த தலையும் தாடியும் முன்னால் வருகின்றன. தோல் சுருக்கமும் வலுவின்மையும் தொடர்கின்றன. அண்டி வாழ்பவர்களும் இகழ்வார்கள் என்பது கடைசியில் வருகிறது. இளநரையின் உளவியலைப் பற்றிப் பின்னால் எழுதியவர்கள் சொன்னவற்றில் பாதி அந்த மறுப்பிலேயே அடங்கியிருக்கிறது: நரையால் உடலுக்கு வரும் கேட்டைவிட, பிறர் நடத்தும் விதத்தில் வரும் இறக்கம்தான் அச்சம்.

எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு. வழக்கோடு வந்த முதியவர்கள் இளையவனின் தீர்ப்பை நம்பத் தயங்கியதால், கரிகாலன் நரைமுடி தரித்து வந்து நீதி வழங்கினான் என்பது பழமொழி நானூறு காட்டும் செய்தி. நரைக்கு நம்பகத்தன்மை என்ற விலை இருந்தது என்பதை இது காட்டுகிறது. கரிகாலன் அதைத் தேவைப்பட்டபோது அணிந்தான், வேலை முடிந்ததும் கழற்றினான் என்பதை மறந்துவிடக் கூடாது. கழற்ற முடியாத நரையைச் சுமப்பவனின் நிலை வேறு.

பித்தமும் கவலையும்

வைத்திய மரபு நரையை வயதிலிருந்து பிரித்து உடற்கோளாறாகக் கண்டது. சினம், துயரம், உழைப்பு ஆகியவற்றால் எழும் உடற்சூடும் பித்தமும் தலைக்கேறி முடியைப் ‘பழுக்க’ வைக்கின்றன என்பது சுசுருத சம்ஹிதையின் விளக்கம். தமிழ்நாட்டு வீடுகளில் இன்றும் சொல்லப்படும் பித்தநரையும் இந்தக் கருத்தின் தொடர்ச்சிதான். சித்த மருத்துவம் நரை, திரை, மூப்பு மூன்றையும் ஒன்றாக வைத்துக் காயகற்பம் தேடியது. கரிசலாங்கண்ணியும் நெல்லியும் அந்த மரபின் வழியாகவே எண்ணெய்க் குப்பிக்குள் வந்தன. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில், முடிக்குப் போகும் ஈரம் போதிய வெப்பமின்றிக் கெட்டுப் பூசணம் பூப்பது போன்றது நரை என்று கருதினார். ஒருவர் சூடு மிகுதி என்கிறார், மற்றவர் சூடு குறைவு என்கிறார். நரை ஒரு கெடுதலின் விளைவு என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

நவீன உயிரியல் இந்தப் படத்தைப் பெரிதும் மாற்றியது. தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது; வேர்ப்பையில் உள்ள நிறமிச் செல்கள் மெலனினைத் தரும்வரை புதிதாக வளரும் பகுதி கறுப்பாக இருக்கும். அந்தச் செல்களுக்கு வித்தாகும் குருத்தணுக்கள் தீர்ந்துபோனாலோ செயலற்று நின்றாலோ முடி வெளுத்து வளரும். வேர்ப்பையில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்வதை 2009இல் ஓர் ஆய்வு சுட்டியது. லத்தீன் அமெரிக்காவில் 6,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வு, ஐ.ஆர்.எஃப்.4 என்ற மரபணுவுக்கும் நரைக்கும் தொடர்பு கண்டது. இளநரை குடும்பங்களில் வழிவழியாக வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே கவனித்திருக்கிறார்கள். ஒரு நரையைப் பிடுங்கினால் பத்தாகும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை; ஒவ்வொரு வேர்ப்பையும் தன்போக்கில் நரைப்பது.

கவலையால் நரைக்கும் என்ற பழைய கருத்தைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடும் நிலையும் இப்போது இல்லை. மன அழுத்தத்துக்கு உள்ளான எலிகளில் பரிவு நரம்புகள் வெளியிடும் நார்-அட்ரினலின், நிறமிக் குருத்தணுக்களை ஒரேயடியாகச் செலவழித்துத் தீர்த்துவிடுகிறது என்று ஹார்வர்டு குழு ஒன்று 2020இல் காட்டியது. அடுத்த ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 14 பேரின் முடிகளை நீளவாக்கில் ஆராய்ந்து, சில முடிகள் நரைத்தபின் மீண்டும் நிறம் பெற்றிருப்பதையும், சிலரிடம் அது அழுத்தம் தணிந்த காலத்தோடு பொருந்துவதையும் கண்டது. இரண்டுக்கும் எல்லை உண்டு. முதலாவது எலிகளைப் பற்றியது. இரண்டாவது மிகச் சிறிய குழுவைப் பற்றியது. நிறம் மீண்டவை விரல்விட்டு எண்ணக்கூடிய முடிகள், முழுத் தலை அல்ல. பிரெஞ்சுப் புரட்சியில் அரசி மரீ அன்துவானெத்தின் தலை ஒரே இரவில் வெளுத்தது என்ற கதைக்கும் இவை சான்றாகா. அத்தகைய நிகழ்வுகளில் நிறமுள்ள முடிகள் திடீரென உதிர்ந்து, ஏற்கெனவே இருந்த வெள்ளை முடிகள் மட்டும் எஞ்சியிருக்கலாம் என்பதே பலர் ஏற்கும் விளக்கம்.

உணர்வைப் பொறுத்தவரை இந்த விளக்கங்கள் வெவ்வேறு சுமைகளை ஏற்றுகின்றன. பரம்பரை என்று சொல்லிவிட்டால் பழி இளைஞனைவிட்டு அப்பாவுக்கோ தாய்மாமனுக்கோ போய்விடுகிறது. கவலை என்று சொன்னால் பழி அவன் மீதே திரும்புகிறது. நரையைக் கண்டு கவலைப்படுபவனிடம், கவலைப்பட்டால் இன்னும் நரைக்கும் என்று சொல்வது ஆறுதலாகத் தொடங்கி மிரட்டலாக முடிகிறது. பி12 சத்துக் குறைவோ தைராய்டு கோளாறோ காரணமாக இருந்தால் அதைச் சரிசெய்யலாம் என்பது மருத்துவம் தரும் உண்மையான நம்பிக்கை. ஆனால் இளநரை கொண்ட பலருக்கு அத்தகைய குறை ஏதும் கண்டறியப்படுவதில்லை. இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்ற நல்ல செய்தியே ஏமாற்றமாகிவிடும் விநோதம் இங்கே நிகழ்கிறது.

அச்சத்துக்கு இன்னொரு வாசல் இதயம். 40 வயதுக்குட்பட்ட இந்திய ஆண்களில் இதயத் தமனி நோயாளிகளிடம் இளநரையும் வழுக்கையும் கூடுதலாகக் காணப்பட்டதாக 2017இல் அறிவிக்கப்பட்ட ஓர் ஆய்வு செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டது. கோபன்ஹேகனில் பல ஆண்டுகள் நடந்த பெரிய கண்காணிப்பாய்விலோ, நரைக்கும் இறப்புக்கும் பொதுவான தொடர்பு தென்படவில்லை. புகைபிடித்தல் நரையோடும் இதய நோயோடும் ஒருசேரத் தொடர்புடையது என்பதால், நரையைத் தனிக் காரணமாகவோ தனி அறிகுறியாகவோ கொள்வதற்கு முன் நிதானம் தேவை.

பார்ப்பவர் கண்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேள்வி உடலைவிட்டுச் சமூகத்துக்கு நகர்ந்தது. 1963இல் வெளியான, சமூகவியலாளர் எர்விங் காஃப்மனின் ‘ஸ்டிக்மா’ நூல், வெளிப்படையாகத் தெரியும் குறையோடு வாழ்பவரையும், மறைக்கக்கூடிய குறையோடு வாழ்பவரையும் வேறுபடுத்தியது. முன்னவரின் சிக்கல் பிறரோடு பழகும்போது எழும் இறுக்கம்; பின்னவரின் சிக்கல் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதைச் சதா கணக்கிட்டுக்கொண்டிருப்பது. இளநரைக்காரன் சாயம் பூசுவதன் மூலம் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறுகிறான். காஃப்மன் நரையைப் பற்றி எழுதவில்லை என்றாலும் அவருடைய வகைப்பாடு இங்கே நன்றாகவே பொருந்துகிறது. பொருந்தாத இடமும் உண்டு. அவர் பேசிய குறைகள் பலவும் எங்கேயும் இழிவாகக் கருதப்பட்டவை. நரையோ இருபது ஆண்டுகள் கழித்து வந்தால் மதிப்பைத் தருவது. அடையாளம் ஒன்றுதான், காலம்தான் தவறியிருக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1972இல் எழுதிய கட்டுரை, மூப்பில் ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்றது. ஆணின் அழகுக்குச் சிறுவன், முழு ஆண் என இரண்டு வார்ப்புகள் இருப்பதால், முதலாவதை இழந்தாலும் இரண்டாவது அவனுக்குக் காத்திருக்கிறது. பெண்ணுக்கு ஒன்றே ஒன்று. பொதுவாக இது சரி. ஆனால் இளநரைக்காரன் இந்த இரு வார்ப்புகளுக்கும் இடையே மாட்டிக்கொள்கிறான். முகம் முதலாவதில் இருக்கிறது, தலை இரண்டாவதில் இருக்கிறது. சொன்டாக்கின் வாதம் ஆண்கள் வருந்துவதில்லை என்ற பொருளில் பிற்பாடு எளிமைப்படுத்தப்பட்டது. அது அவர் சொன்னதைத் தாண்டிய முடிவு.

தமிழ்ச் சூழலில் இதன் கூர்மை அதிகம். இங்கே முன்பின் தெரியாதவரையும் உறவுமுறை சொல்லியே அழைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வயதை மதிப்பிட்டாக வேண்டும். தம்பி என்று அழைக்கப்பட வேண்டியவன் பேருந்து நடத்துநரிடம் ‘சார்’ ஆகிறான், பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவிக்கு ‘அங்கிள்’ ஆகிறான், காய்கறிக் கடையில் ‘பெரியவரே’ வரைக்கும் போய்விடுகிறது. இவை யாவும் மரியாதைச் சொற்கள், கோபித்துக்கொள்ள வழியில்லை. நண்பர்கள் வைக்கும் ‘தாத்தா’, ‘பெருசு’ பட்டங்களைக்கூடத் திருப்பித் திட்டிச் சமாளிக்கலாம். அந்நியரின் கண்ணியமான தவறுக்கு மறுமொழி கிடையாது. மரியாதை கூடுவதையே இழப்பாக உணரும் இந்த நிலையை மேற்கத்திய ஆய்வுக் கருவிகள் எதுவும் கேள்வியாக வைத்திருக்கவில்லை.

அடுத்த களம் திருமணம். மகனின் நரை முதலில் அம்மாவின் கவலையாக இருந்து, வரன் பார்க்கத் தொடங்கியதும் குடும்பத்தின் கவலையாகிறது. பெண் பார்க்கப் போவதற்கு முன் சலூனில் டை அடித்துக்கொள்வதும், தரகரிடம் தரும் படத்தில் கிருதாவைக் கறுப்பாக்குவதும் யாரும் தவறாக நினைக்காத ஏற்பாடுகள். பெண்வீட்டார் நரையைக் கண்டால் கேட்பது பெரும்பாலும் அழகைப் பற்றி இருக்காது. உண்மையான வயது என்ன, உடம்புக்கு ஏதாவதா என்பதே கேள்வி. ஆணின் உணர்வு என்று நாம் அழைப்பதில் எவ்வளவு அவனுடையது, எவ்வளவு வீட்டாருடையது என்று பிரிப்பது கடினம்.

தொழிலும் பார்வையை மாற்றுகிறது. இளம் வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் நாலு நரை கட்சிக்காரரின், நோயாளியின் நம்பிக்கையைக் கூட்டலாம்; கரிகாலன் கதையின் தர்க்கம் அங்கே இன்னும் செல்லும். இளமையையே தகுதியாகப் பார்க்கும் துறைகளில் அதே நரைக்கு வேறு விலை.

சாயத்தின் வாக்குறுதி

மறைப்பது புதிய வழக்கமும் அல்ல, பெண்களின் வழக்கம் மட்டும் என்று சொல்லிவிடவும் முடியாது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் தலை வெளுத்தவனுக்கு மாலையும் மணமும் ஆடையும் அணியும் பொலிவு தருவதில்லை என்று கூறி, இரும்புப் பாத்திரத்தில் தானியத்தையும் இரும்புப் பொடியையும் சேர்த்துக் காய்ச்சும் சாயமுறையைச் சொல்கிறார். மருதாணியும் அவுரியும் சேர்ந்த கறுப்பு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தொழிற்சாலைச் சாயங்கள் வந்தபின் அந்த உழைப்பு அரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது.

சாயம் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது, ஆகவே உணர்வைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்பது சந்தையின் நிலைப்பாடு. அறுபதில் தொடங்குபவருக்கு இது ஓரளவு பொருந்தலாம். இருபதில் தொடங்குபவனுக்குக் கணக்கு வேறு. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. குட்டையாக வெட்டிய ஆண் தலையில் இரண்டு மூன்று வாரத்தில் வேர்ப்பக்கம் வெள்ளை தெரியும். தாடியில் இன்னும் விரைவு. அதனாலேயே தினமும் மழிப்பவர்கள் உண்டு. இது நாற்பது ஆண்டு ஒப்பந்தம். கறுப்புச் சாயங்களில் பரவலாக உள்ள பாரா-ஃபினைலின்டையமின் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தருவது. ஒருமுறை ஒவ்வாமை வந்தபின் பெரும்பாலும் அது வாழ்நாள் முழுதும் நீடிக்கும். புற்றுநோய் பற்றிய அச்சத்தைப் பொறுத்தவரை, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சாயத்தோடு தொழில்ரீதியாகப் புழங்கும் முடிதிருத்துநர்களுக்கு அபாயம் இருக்க வாய்ப்புண்டு என்று வகைப்படுத்தியது. சொந்தத் தேவைக்குப் பூசிக்கொள்பவர்களைப் பற்றி முடிவு சொல்லச் சான்று போதாது என்றது. உடல் ஒருபுறம் இருக்க, எப்போது நிறுத்துவது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இருபது ஆண்டுகள் கறுப்பாக இருந்த தலையை ஒரு மாதத்தில் வெள்ளையாகக் காட்டும் துணிவு, முதலிலேயே பூசாமல் இருந்திருக்கத் தேவைப்பட்ட துணிவைவிடப் பெரியது.

ஏற்பும் அதன் எல்லையும்

அண்மைக் காலத்தில் வலுத்திருக்கும் குரல், மறைக்காமல் விடு என்பது. 2011இல் ‘மங்காத்தா’ படத்தில் நடிகர் அஜித் குமார் சாயமின்றி நடித்ததும், கறுப்பும் வெள்ளையும் கலந்த முடியைக் குறிக்கும் ‘சால்ட் அண்ட் பெப்பர்’ தமிழ் இளைஞர்களின் வாயில் பாராட்டுச் சொல்லானது. அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஆண்டர்சன் கூப்பர் இருபதுகளிலேயே நரைக்கத் தொடங்கியவர். வெள்ளைத் தலையே அவருடைய அடையாளமாயிற்று. திரையில் கருமுடியோடும் வெளியே வெண்தாடியோடும் வரும் ரஜினிகாந்தின் வழக்கம் இதற்கு முந்தையது, வேறு வகையானது.

இந்த மாற்றம் உண்மையானது. ஆனால் இதை அளவுக்கு மீறி எடைபோட்டுவிடுகிறார்கள். ‘மங்காத்தா’ வந்தபோது அஜித்துக்கு வயது நாற்பது; அது அவருடைய ஐம்பதாவது படம். நிலைபெற்ற புகழும் சீரான உடலும் நல்ல ஒளிப்பதிவும் சேர்ந்தே அந்த நரைக்கு அழகு தந்தன. பத்தொன்பது வயதில், கல்லூரி விடுதியில், ஒருபக்கக் கிருதா மட்டும் திட்டுத்திட்டாக வெளுத்தவனுக்கு அந்த உதாரணம் எவ்வளவு உதவும் என்பது ஐயம். வேறொரு நெருக்கடியும் இதில் ஒளிந்திருக்கிறது. நரையை விரும்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பரவினால், சாயம் பூசுபவன் தன்னம்பிக்கை இல்லாதவன் ஆகிவிடுகிறான்.

அளவீடுகள் எட்டாத இடம்

இளநரையின் மனத் தாக்கத்தை அளக்க மருத்துவர்கள் அடிக்கடி எடுப்பது, கார்டிஃபில் 1994இல் உருவான தோல்நோய் வாழ்க்கைத் தரக் குறியீடு. பத்துக் கேள்விகள், 30 மதிப்பெண். அரிப்பு, வலி, துணித்தேர்வு, சிகிச்சையின் தொந்தரவு போன்றவற்றைக் கேட்கும் இந்தப் படிவம், அரிக்காத, வலிக்காத, பரவாத நரைக்கு அரைகுறையாகவே பொருந்தும். பாதிப்பு குறைவு என்று வரும் மதிப்பெண் உணர்வு லேசானது என்பதைக் காட்டுகிறதா, கேள்வி பொருந்தவில்லை என்பதைக் காட்டுகிறதா என்று தெளிவாவதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், யாரிடம் கேட்கிறார்கள் என்பது. ஆய்வுகளில் பல மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு வந்தவர்களைக் கொண்டவை. நரைக்காக மருத்துவரிடம் வருபவன் ஏற்கெனவே வருந்துபவன். வராதவர்களில் பொருட்படுத்தாதவர்கள் இருக்கலாம்; சாயத்தால் சமாளித்தவர்கள் இருக்கலாம்; ஆம்பிளைக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்ற கேலிக்கு அஞ்சி வாய் திறக்காதவர்களும் இருக்கலாம். மூன்று மௌனங்களும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்ப வழுக்கை ஆய்வுகளிலிருந்து கடன் வாங்கும் வழக்கம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கேஷ் 1990களில் செய்த ஆய்வுகளில், வழுக்கை இளம் வயதில் தொடங்கியவர்களிடமும் மணமாகாதவர்களிடமும் மனவருத்தம் கூடுதலாகத் தெரிந்தது. நரைக்கும் இது பொருந்தும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் வழுக்கையை எளிதில் மறைக்க முடியாது, நரையை முடியும். வழுக்கை எந்த வயதிலும் இழப்பு, நரை ஒரு வயதுக்குமேல் பெருமை. கடன் வாங்கிய முடிவுகளை இந்த வேறுபாடுகளோடுதான் படிக்க வேண்டும்.

இப்போதுள்ள சான்றுகளை வைத்து ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது, வருத்தத்தின் அளவு நரைத்த முடியின் எண்ணிக்கையோடு நேராகப் போவதில்லை என்பதுதான். தொடங்கிய வயது, மணமானவனா இல்லையா, என்ன தொழில், வீட்டில் வேறு யாருக்கும் இருந்ததா என்பவை குறைந்தது அதே அளவு முக்கியம் என்று தோன்றுகிறது. திறந்திருக்கும் கேள்விகளில் முதன்மையானது காலம் பற்றியது. இருபதில் நரைத்தவன் முப்பத்தைந்தில், சக வயதினரும் நரைக்கத் தொடங்கியபின், அதே வருத்தத்தோடு இருக்கிறானா? ஒரே ஆணைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். ஒருமுறை படிவம் நிரப்பச் சொல்லும் ஆய்வுகளால் முடியாது. சாயம் பூசியவரையும் பூசாதவரையும் மருத்துவமனைக்கு வெளியே சந்தித்துக் கேட்பது இன்னொரு தேவை. அதற்கு ஆய்வாளர்கள் தோல் பிரிவைவிட்டுச் சலூனுக்கும் திருமணத் தகவல் மையத்துக்கும் போகவேண்டியிருக்கும்.